பங்குத் தியானம்: ஒருவருக்கு 36 வினாடி போதுமா?



'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்னும் கருப்பொருளோடு 2024 டிசம்பர் 24 அன்று தொடங்கிய யூபிலி ஆண்டு, 2026 சனவரி 6 அன்று நிறைவடைந்தது. அந்த ஆண்டில் நடந்த ஒரு நிகழ்வு நம் பங்குகளின் கவனத்துக்கு உரியது. 2025 ஆகஸ்டு 1 அன்று, இளையோர் யூபிலியின்போது, உரோமை நகரின் பழைய தேரோட்டத் திடலான சிர்க்கஸ் மாக்சிமுஸ் முழுவதும் ஒப்புரவு அருளடையாளத்துக்கென ஒதுக்கப்பட்டது. திறந்த வெளியில் ஏறக்குறைய 200 ஒப்புரவு இடங்கள் வரிசையாக அமைக்கப்பட்டன. பல நாட்டு இளையோர் கோடை வெயிலில் வரிசையில் நின்று, தத்தம் மொழி தெரிந்த குருக்களிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறார்கள்?" என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அந்தத் திடலில் அவர்கள் வந்தார்கள். ஏன் வந்தார்கள்? அங்கே இடம் இருந்தது, நேரம் இருந்தது, அவர்கள் மொழியைப் புரிந்துகொள்ளும் குருக்கள் காத்திருந்தார்கள். இந்த மூன்றும் நம் பங்குத் தியானங்களில் இருக்கின்றனவா என்பதே இந்தச் சிந்தனையில் நாம் கேட்க விரும்பும் கேள்வி.

இன்றைய நிலை

தவக்காலம் வந்துவிட்டால் நம் பங்குகளில் தியான அறிவிப்புகள் தொடங்கிவிடுகின்றன. முன்பு 'மிஷன்' என்றும், 'ஞான ஒடுக்கம்' என்றும் சொன்னதையே இன்று பங்குத் தியானம் என்கிறோம். மூன்று நாள் அல்லது ஐந்து நாள், மாலை நேரத்தில், வெளியூரிலிருந்து ஒரு குழு வருகிறது. சுவரொட்டியில் தியானம் வழங்குபவரின் படம் பெரிதாக இருக்கிறது. இறைப்புகழ்ச்சி, மறையுரை, நற்கருணை ஆராதனை, குணமளிக்கும் செபம் என்று நிகழ்ச்சி நிரல் வரிசையாக அச்சிடப்படுகிறது. அதன் கடைசியில், சிறிய எழுத்தில், 'இறுதி நாள் மாலை ஒப்புரவு வழங்கப்படும்' என்று ஒரு வரி இருக்கும்.

அந்த ஒரு வரியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தரமான ஒரு பங்கில் 600 பேர் ஒப்புரவு பெற விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இறுதி நாள் மாலை மூன்று குருக்கள் இரண்டு மணி நேரம் அமர்கிறார்கள். மொத்தம் 6 மணி நேரம். அதாவது 360 நிமிடம். 600 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 36 வினாடி. சிலுவை அடையாளம் வரைந்து, கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தோம் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடும்.

பதினைந்து ஆண்டுகளாக மனத்தில் ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒருவர், அதை 36 வினாடியில் இறக்கிவைக்க முடியுமா? பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்த ஒரு தாய், தன் குடும்பத்தில் நடந்ததைச் சொல்வாரா? வழக்கமான நான்கு பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடும். தியானம் சிறப்பாக முடிந்தது என்று நாம் அறிவிக்கிறோம். அந்தத் தாயைப் பொறுத்தவரை தியானம் தொடங்கவே இல்லை.

பங்கு மிஷன் பிறந்த கதை

பங்கு மிஷன் என்னும் பணி திருச்சபையில் எப்படி வளர்ந்தது என்று பார்த்தால், ஒப்புரவு அதில் வகிக்கும் இடம் நமக்குத் தெளிவாகும். அந்த வரலாற்றில் முதன்மையானவர்களுள் ஒருவர் புனித வின்சென்ட் தே பவுல்.

1617 சனவரியில் அவர் பிரான்சு நாட்டின் பிக்கார்டிப் பகுதியில், கோந்தி என்னும் பிரபுக் குடும்பத்தின் குருவாக இருந்தார். அருகிலுள்ள கான் என்னும் சிற்றூரில் ஒரு முதிய விவசாயி மரணப் படுக்கையில் கிடந்தார். ஊரார் அனைவரும் அவரை நல்லவர் என்றே மதித்தார்கள். வின்சென்ட் அவரிடம் சென்று, வாழ்நாள் முழுவதற்கும் பொதுவான ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யும்படி தூண்டினார். அந்த முதியவர் பல ஆண்டுகளாக வெட்கத்தினால் மறைத்துவைத்த பாவங்களை அன்று அறிக்கையிட்டார். பின்னர் கோந்தி சீமாட்டியிடமே, இந்தப் பாவசங்கீர்த்தனம் மட்டும் செய்யாதிருந்தால் தாம் அழிந்தே போயிருப்பார் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அந்தச் சொல் சீமாட்டியை உலுக்கியது. நல்லவர் என்று ஊர் போற்றிய மனிதருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களின் நிலை என்ன என்று அவர் கேட்டார். அவரது வேண்டுகோளின்படி, 1617 சனவரி 25 அன்று, புனித பவுலின் மனமாற்றப் பெருவிழா நாளில், ஃபோல்வில் ஆலயத்தில் வின்சென்ட் மறையுரை ஆற்றினார். பொதுப் பாவசங்கீர்த்தனம் ஏன் தேவை, அதை எப்படிச் செய்வது என்பதே மறையுரையின் பொருள். மக்கள் திரண்டு வந்தார்கள். வின்சென்டும் உடனிருந்த குருவும் ஈடுகொடுக்க முடியாமல், அமியேன் நகரிலிருந்த இயேசு சபைக் குருக்களை உதவிக்கு அழைக்கவேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அந்த நாளையே மிஷன் பணியின் முதல் மறையுரை என்று வின்சென்ட் நினைவுகூர்ந்தார். 1625-இல் அவர் தொடங்கிய மிஷன் சபை, 2025-இல் தன் 400-ஆம் ஆண்டைக் கொண்டாடியது.

இந்த நிகழ்வில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நோயாளியின் ஒப்புரவு முதலில் வந்தது. மறையுரை அதன் பிறகே வந்தது. மறையுரையைக் கேட்ட மக்கள் உடனே தேடியது ஒப்புரவுக் குருவையே. குருக்கள் போதவில்லை என்றபோது வின்சென்ட் மக்களைத் திருப்பி அனுப்பவில்லை. வேறு குருக்களை அழைத்தார்.

வெட்கமும் வெளியூர்க் குருவும்

அந்த முதியவர் ஏன் இத்தனை ஆண்டுகள் மறைத்தார்? அவர் கெட்டவர் என்பதாலா? இல்லை. சிற்றூரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பங்குக்குருவுக்கும் அவரைத் தெரியும். நாளை காலையில் அதே குருவின் முகத்தில் விழிக்கவேண்டும் என்ற கூச்சமே ஒருவரின் வாயை அடைத்துவிடும்.

நம் ஊர்களிலும் நிலை வேறல்ல. பங்குத்தந்தை நம் வீட்டுக்கு வருகிறார். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கித் தருகிறார். பங்குப் பேரவையில் நம்மோடு அமர்கிறார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரிடம் சில பாவங்களைச் சொல்ல நா எழுவதில்லை. அவ்வாறு தயங்குபவர்களுக்காகவே வெளியூரிலிருந்து குருக்கள் வரும் மிஷன் பெரும் கொடையாக அமைகிறது. வந்தவர் போய்விடுவார், அவர் நம்மை அறியமாட்டார். இந்தச் சுதந்திரத்தை மக்களுக்குக் கொடுப்பது மிஷனின் முதன்மையான பயன்களுள் ஒன்று. வெளியூரிலிருந்து வந்த தியானக் குரு மேடையிலேயே நின்றுவிட, உள்ளூர்க் குருக்கள் மட்டும் ஒப்புரவு கேட்டால், அந்தப் பயன் நமக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது.

மிஷன் சபையின் குருக்கள் ஊர்களுக்குச் சென்றபோது பின்பற்றிய முறை நமக்கு இன்றும் பாடமாகும். அறுவடைக் காலத்தைத் தவிர்த்து, மக்களுக்கு ஓய்வுள்ள மாதங்களில் சென்றார்கள். காலையில் மக்கள் வேலைக்குப் போகுமுன் மறையுரை. பிற்பகலில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி. வேலை முடிந்து திரும்பிய மாலையில் பெரியவர்களுக்கு மறைக்கல்வி. எஞ்சிய நேரமெல்லாம் ஒப்புரவு. மிஷன் பல வாரங்கள் நீடித்தது. மக்களிடமிருந்து எந்தப் பணமும் பெறாமல் அந்தப் பணியைச் செய்தார்கள். மக்களின் உழைப்பு நேரத்துக்கு ஏற்ப மிஷனின் கால அட்டவணை அமைந்தது என்பதை மனத்தில் கொள்வோம்.

தந்தை, மருத்துவர், ஆசிரியர், நடுவர்

அடுத்த நூற்றாண்டில் இந்தப் பணிக்குப் புதிய ஆழம் கொடுத்தவர் புனித அல்போன்ஸ் லிகோரி. 1732-இல் இத்தாலியின் ஸ்காலா ஊரில் அவர் தொடங்கிய உலக இரட்சகர் சபையும், கைவிடப்பட்ட சிற்றூர் மக்களுக்கு மிஷன் நடத்துவதையே தன் பணியாகக் கொண்டது. அவர் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு கடும்போக்கு பரவியிருந்தது. சிறு தவறுகளுக்கும் பாவமன்னிப்பைத் தள்ளிவைப்பது, மக்களை நற்கருணையிலிருந்து விலக்கிவைப்பது ஆகியவை பக்தியாகக் கருதப்பட்டன. அதை அல்போன்ஸ் எதிர்த்தார். ஒப்புரவுக் குரு ஒரே வேளையில் தந்தையாகவும் மருத்துவராகவும் ஆசிரியராகவும் நடுவராகவும் இருக்கவேண்டும் என்று கற்பித்தார். இந்த நான்கில் தந்தையை முதலில் வைத்ததே அவரது மனத்தைக் காட்டுகிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் அவரை ஒப்புரவுக் குருக்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

அல்போன்ஸின் மிஷன் முறையில் இன்னொரு சிறப்பும் உண்டு. மிஷன் முடிந்து சில மாதங்களுக்குப் பின் அதே ஊருக்குக் குருக்கள் மீண்டும் செல்வார்கள். எடுத்த தீர்மானங்களில் மக்கள் நிலைத்திருக்கிறார்களா என்று பார்த்து, தளர்ந்தவர்களைத் தூக்கிவிட்டு, மீண்டும் ஒப்புரவு கேட்பார்கள். ஒருமுறை வந்து உணர்ச்சியைத் தூண்டிவிட்டுப் போவது மட்டும் மிஷன் ஆகாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

நம் காலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் இதே மனநிலையை மீண்டும் நினைவூட்டினார். 2013-இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், ஒப்புரவு இடம் ஒரு சித்திரவதைக் கூடமாக ஆகிவிடக் கூடாது என்று குருக்களை எச்சரித்தார். 2014 மார்ச்சு 28 அன்று, புனித பேதுரு பெருங்கோவிலில், மற்றவர்களுக்கு ஒப்புரவு வழங்கச் செல்வதற்குமுன், தாமே எல்லார் முன்னிலையிலும் ஒரு குருவின்முன் முழந்தாளிட்டார். 2016-ஆம் ஆண்டு திருநீற்றுப் புதனன்று 'இரக்கத்தின் மறைப்பணியாளர்கள்' என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குருக்களை உலகெங்கும் அனுப்பினார். அவர்களுக்கு அவர் கொடுத்த முதன்மையான பணிகள் இரண்டு: இரக்கத்தைப் பற்றிப் போதிப்பது, ஒப்புரவு கேட்பது. 2025 ஏப்ரல் 21 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் விட்டுச்சென்ற இந்த அழைப்பு நம் பங்குகளில் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை.

நம் கடற்கரையின் சான்று

இவையெல்லாம் ஐரோப்பியக் கதைகள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் புனித பிரான்சிஸ் சவேரியாருக்குப் பின் உழைத்த இயேசு சபைக் குரு என்றீக்கே என்றீக்கஸ், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மக்களோடு பேசுவதற்காகத் தமிழைப் பாடுபட்டுக் கற்றார். போதிப்பதற்கு மட்டுமா? மூன்றாவது ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு யார்தான் தன் பாவங்களைச் சொல்வார்? மக்கள் தங்கள் மொழியில் மனம் திறக்கவேண்டுமானால் குருவுக்கு அவர்கள் மொழி தெரிந்திருக்க வேண்டும்.

அவர் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' தமிழ் அச்சு வரலாற்றில் புகழ்பெற்றது. இரண்டே ஆண்டுகளுக்குப் பின், 1580-இல், கொச்சியில் அவர் அச்சிட்ட இன்னொரு நூலைப் பலர் அறியார். அதன் பெயர் 'கொம்பெசியொனாயரு'. அது பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான கையேடு. தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களுள் ஒன்று நம் முன்னோர் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்வதற்காக அச்சிடப்பட்டது என்பது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தி. அதே வேளையில் நம்மைக் கேள்வி கேட்கும் செய்தியும்கூட. அச்சு என்பதே அரிதாயிருந்த நாளில் ஒரு முழு நூலையே இதற்காக அச்சிட்டார்கள். இன்று தியானத்துக்கு ஆயிரம் சுவரொட்டி அடிக்கும் நாம், ஆன்ம சோதனைக்கு ஒரு தாளாவது அச்சிட்டுக் கொடுக்கிறோமா?

திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது?

1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மிஷன் நடைபெறவேண்டும் என்று கூறியது. இன்று நடைமுறையிலுள்ள 1983-ஆம் ஆண்டுச் சட்டம் (எண் 770), ஆயரின் விதிமுறைப்படி குறித்த காலங்களில் தியானங்களுக்கும் மிஷன்களுக்கும் பங்குத்தந்தையர் ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது. மக்கள் நியாயமாகக் கேட்கும்போது அவர்களின் ஒப்புரவைக் கேட்பதும், அதற்கென அவர்களுக்கு வசதியான நாள்களையும் நேரங்களையும் ஒதுக்குவதும் ஆன்மப் பொறுப்புள்ள குருக்களின் கடமை (எண் 986). ஆகவே நேரம் கேட்பது மக்களின் உரிமை. அதைச் சலுகையாக நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

கூட்டம் அதிகமாகிவிட்டால் எல்லாருக்கும் சேர்த்துப் பொதுவாகப் பாவமன்னிப்பு அளித்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தனித்தனியே பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதே வழக்கமான வழி. மரண ஆபத்து போன்ற மிகக் கடுமையான தேவைகளில் மட்டுமே பொதுப் பாவமன்னிப்புக்கு இடம் உண்டு. பெருவிழாவுக்கோ திருப்பயணத்துக்கோ பெரும் கூட்டம் கூடியது என்பது மட்டும் போதிய காரணம் ஆகாது (எண் 960, 961). 2002 ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'கடவுளின் இரக்கம்' என்னும் மடலில் இதை மீண்டும் வலியுறுத்தினார். கொரோனா பெருந்தொற்று பரவிய 2020 மார்ச்சில், நிலைமை கடுமையாக இருந்த இடங்களில் இந்த விதிவிலக்கு எப்படிப் பொருந்தும் என்று திருப்பீடத்தின் பாவமன்னிப்பு நீதிமன்றம் விளக்கியது. அது விதிவிலக்கு. நம் தியானத்தின் இறுதி நாள் பெருந்தொற்று அல்ல. அது முன்கூட்டியே நாள் குறிக்கப்பட்ட நிகழ்ச்சி.

கைப்பேசியில் தியானம்

அந்தப் பெருந்தொற்றுக்குப் பின் வந்த இன்னொரு மாற்றத்தையும் பார்க்கவேண்டும். இன்று பலர் தியானத்தை யூடியூபில் கேட்கிறார்கள். நோயாளிகளுக்கும், முதியோருக்கும், வெளிநாட்டில் வேலை செய்வோருக்கும் அது பெரிய உதவி. அதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் மறையுரையைக் கைப்பேசியில் அனுப்பலாம். பாவமன்னிப்பை அனுப்ப முடியாது. இணையத்தின் வழியாக அருளடையாளங்கள் இல்லை என்று திருப்பீட சமூகத் தொடர்பு அவை 2002-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதனால் பங்கில் நேரில் நடக்கும் தியானத்தின் மதிப்பு கூடியிருக்கிறது. நல்ல மறையுரைகள் எங்கும் கிடைக்கின்றன. சிறந்த பேச்சாளர்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். வீட்டிலிருந்து பெறமுடியாதது, குருவின் முன் அமர்ந்து பாவங்களைச் சொல்லி, அவர் வாயிலிருந்து மன்னிப்பைக் கேட்பது. உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தார் (யோவான் 20:22-23). பங்குத் தியானம் மட்டுமே தரக்கூடிய இதை ஓரத்தில் தள்ளிவிட்டு, எங்கும் கிடைப்பதை மட்டும் பெரிதாக்கினால் எப்படி?

நம்பிக்கையைக் காப்போம்

மக்கள் ஒப்புரவுக்கு வரத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அச்சம். 2018-இல் கேரளாவில், நம்மிலிருந்து வேறான ஒரு திருச்சபையைச் சேர்ந்த சில குருக்கள்மீது, ஒப்புரவில் கேட்டதைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதன் தொடர்ச்சியாக, ஒப்புரவு முறையையே ஒழிக்கவேண்டும் என்று தேசிய மகளிர் ஆணையம் அந்த ஆண்டு சூலையில் பரிந்துரைத்தது. கத்தோலிக்க ஆயர்கள் அதை எதிர்த்தார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒப்புரவில் கேட்டதையும் குழந்தைகள்மீதான கொடுமை குறித்துக் குருக்கள் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்ற சட்டம் 2025 மே மாதம் கையெழுத்தானது. சூலையில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் ஒப்புரவைப் பொறுத்தவரை அதைத் தடுத்து நிறுத்தியது.

இத்தகைய செய்திகளை நம் மக்கள் படிக்கிறார்கள். சட்டப் போராட்டத்தை மட்டும் செய்துவிட்டு நாம் அமைதியாக இருந்துவிட முடியாது. சிறுவர்மீதும் பெண்கள்மீதும் இழைக்கப்படும் கொடுமை கொடிய குற்றம். ஒப்புரவின் இரகசியம் அந்தக் குற்றத்துக்குப் போர்வை அல்ல. பாதிக்கப்பட்டவர் ஒப்புரவில் அதைச் சொன்னால், வெளியே வந்து உரியவர்களிடம் முறையிடுமாறு குரு அவருக்கு உறுதியோடு துணைநிற்க வேண்டும். அதே வேளையில், ஒப்புரவின் இரகசியத்தை நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபை உறவிலிருந்து விலக்கப்படுகிறார். ஒப்புரவில் பேசப்படுவதைக் கருவியால் பதிவு செய்வோரும், அதைத் தீய நோக்குடன் ஊடகங்களில் பரப்புவோரும் தண்டனைக்குரியவர்கள் (எண் 1386). கைப்பேசிக் காலத்தில் இதை மக்களுக்குச் சொல்லவேண்டும்.

இடமும் முக்கியம். ஒப்புரவுத் தொட்டி எல்லாரும் பார்க்கக்கூடிய திறந்த இடத்தில், குருவுக்கும் மனம் வருந்துபவருக்கும் இடையே நிலையான கம்பித் தடுப்போடு இருக்கவேண்டும் என்று சட்டம் கூறுகிறது (எண் 964). நம் தியானங்களில் நடப்பது என்ன? மைதானத்தில் நாற்காலி போட்டுக் குரு அமர்கிறார். இரண்டடி தள்ளி அடுத்தவர் நிற்கிறார். ஒலிபெருக்கியில் பாட்டு அலறுகிறது. சொல்பவர் குரலை உயர்த்தினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். தாழ்த்தினால் குருவுக்குக் கேட்காது. முகத்தை மறைத்துச் சொல்ல விரும்புபவருக்கு வழியே இல்லை. ஒரு திரையும், பத்தடி இடைவெளியும், அரை மணி நேர அமைதியும் கொடுக்க நம்மால் முடியாதா?

கனி எங்கே தெரியும்?

"கடவுளிடம் நேராகச் சொன்னால் போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. தினமும் கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது நல்லதே. ஆனால் நம் பாவம் கடவுளை மட்டும் பாதிப்பதில்லை; அடுத்தவரையும், முழுச் சமூகத்தையும் காயப்படுத்துகிறது. ஆகவே மன்னிப்பும் சமூகத்தின் வழியாக வருகிறது. சமூகத்துக்கே நம்மைத் திருப்பி அனுப்புகிறது. இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்ற சக்கேயு, ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார் (லூக்கா 19:8). காணிக்கை செலுத்துமுன் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 5:23-24).

வின்சென்டின் மிஷன்களில் ஊர்ப்பகைகளைத் தீர்த்துவைப்பதும் ஒரு பணியாக இருந்தது. ஃபோல்வில் மறையுரை நிகழ்ந்த அதே 1617-இல், ஆகஸ்டு மாதம், ஷாத்தியோன் ஊரில் ஒரு குடும்பம் முழுவதும் நோயுற்றுக் கிடப்பதை அறிந்து, அவர் பெண்களை ஒன்றுதிரட்டி முதல் பிறரன்புச் சங்கத்தைத் தொடங்கினார். சனவரியில் ஒப்புரவு, ஆகஸ்டில் பிறரன்பு. ஒன்றிலிருந்து மற்றொன்று வளர்ந்தது.

நம் தியானங்களை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்பதைவிட, தியானத்துக்குப் பின் எத்தனை அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டார்கள் என்று கேட்போம். சொத்துத் தகராற்றில் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் வழக்கைத் திரும்பப் பெற்றார்களா? தேர் யார் தெரு வழியாகப் போவது என்ற சண்டை தீர்ந்ததா? சாதியின் பெயரால் கல்லறையிலும்கூடப் பிரிந்து கிடந்தவர்கள் வெட்கப்பட்டார்களா? இவை நம் ஆன்ம சோதனையில் இடம்பெறாவிட்டால், பாவசங்கீர்த்தனம் வெறும் கடமையாகவே முடிந்துவிடும்.

பங்கு என்ன செய்யலாம்?

முதலாவது, ஒப்புரவை இறுதி நாளுக்குத் தள்ளாமல் முதல் நாளிலேயே தொடங்கலாம். ஒருவருக்கு 5 நிமிடம் என்றால் 600 பேருக்கு 50 மணி நேரம் வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் ஐந்து குருக்கள், ஐந்து நாள், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அமர்ந்தால் 50 மணி நேரம் ஆகிவிடுகிறது. குருக்கள் குறைவுதான். ஆனால் ஒரே மறைவட்டத்தின் பங்குகள் தங்கள் தியானத் தேதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்துக்கொண்டால், ஒரு பங்கின் குருக்கள் அடுத்த பங்குக்குச் சென்று உதவலாம். வெளியூர்க் குருவிடம் சொல்லும் சுதந்திரமும் மக்களுக்குக் கிடைக்கும்.

இரண்டாவது, நேரத்தை மக்களின் உழைப்புக்கு ஏற்ப அமைக்கலாம். கடலுக்குப் போகிறவர்கள், ஷிப்டு வேலை பார்ப்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், கடை அடைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வருகிறவர்கள் ஆகியோரை அன்பியங்களின் வழியாகக் கேட்டு, அவர்களுக்குரிய நேரத்தைக் குறிக்கலாம். நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்கு ஒரு குரு பகல் நேரத்தில் செல்லலாம்.

மூன்றாவது, பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று மீண்டும் கற்றுக்கொடுக்கலாம். புதுநன்மைக்கு முன் எட்டு வயதில் படித்ததோடு பலருக்கும் முடிந்துவிட்டது. மனவருத்தச் செபம் மறந்துபோயிற்று என்ற கூச்சத்தினாலேயே வராதவர்கள் இருக்கிறார்கள். ஒரு மறையுரையை இதற்கென ஒதுக்கி, வரிசையில் நிற்போர் கையில் ஒரு தாளைக் கொடுத்தால் அந்தத் தடை நீங்கிவிடும்.

நான்காவது, மூன்று நான்கு மாதங்களுக்குப் பின் அதே குருக்களை ஒருநாள் மீண்டும் அழைக்கலாம். குடியை விட்டவரும், பகையை மறந்தவரும், மீண்டும் தடுமாறியவரும் அந்த ஒருநாளுக்காகக் காத்திருப்பார்கள்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. மேடை அலங்காரத்திலும் ஒலி ஒளி அமைப்பிலும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்குத் திருப்பினால் போதும். பங்குப் பேரவை அடுத்த தியானத்தைத் திட்டமிட அமரும்போது, 'யாரை அழைக்கலாம்?' என்ற கேள்வியோடு, 'ஒப்புரவு கேட்க எத்தனை குருக்கள், எத்தனை மணி நேரம்?' என்ற கேள்வியையும் கேட்கட்டும்.

அன்பர்களே, நம் பங்கிலும் கான் ஊரின் முதியவரைப் போன்ற ஒருவர் இருக்கிறார். ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருகிறார், வரி கட்டுகிறார், ஊரார் அவரை நல்லவர் என்கிறார்கள். அவர் மனத்தில் உள்ளது அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். இந்தத் தவக்காலத்தில் அவர் தயங்கித் தயங்கி வரிசையின் கடைசியில் வந்து நிற்பார். அவர் முறை வரும்போது, "நேரமாகிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம்" என்ற சொல்லை அவர் கேட்காதபடி பார்த்துக்கொள்வோம். தொலைவில் வரும் மகனைக் கண்டு ஓடிச்சென்று தழுவிக்கொண்ட தந்தையின் இதயத்தை (லூக்கா 15:20) ஆண்டவர் நம் பங்குகளுக்கும், நம் குருக்களுக்கும் தருவாராக.